கடைசிக் கலுங்கு

மழைக்காலம் வந்தால் தமிழ்நாட்டில் தவறாமல் காதில் விழுகிற வாக்கியம் ஒன்று உண்டு. ‘‘அவ்வளவு தண்ணியும் வீணாப் போயி கடல்ல கலக்குது சார்!’’

டீக்கடையில் கேட்டிருப்பீர்கள். பஸ் பாலத்தைக் கடக்கும்போது பக்கத்து ஸீட்காரர் பெருமூச்சோடு சொல்லியிருப்பார். கட்சி வித்தியாசம் இல்லாமல் எல்லா மேடைகளிலும் ஒலிக்கும். கொள்ளிடத்தில் தண்ணீர் திறந்துவிட்ட மறுநாள் எங்கள் பத்திரிகைத் தொழிலில் தலைப்புக்காக யாரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை. வாக்கியம் ரெடியாக இருக்கும்.

எனக்குச் சொந்த ஊர் பரளச்சி. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம். கரிசல் காடு. மழை பெய்தால் மல்லி, மிளகாய், பருத்தி. பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம். அதை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றுவதுதான் எங்கள் பக்கம் பொய்க்காத வெள்ளாமை. இந்த ஊரில் போய் ‘தண்ணி வீணாப் போவுது’ என்று சொல்லிப் பாருங்கள். ‘‘எங்கிட்டுப்பா போவுது? சொல்லு, ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வருவோம்’’ என்பார்கள்.

எங்களுக்குத் தண்ணீர் என்றால் கண்மாய்தான். கண்மாய்க்கு மூன்று உறுப்புகள். தண்ணீரை நிறுத்தி வைக்கக் கரை. வயலுக்கு அனுப்ப மடை. நிறைந்து மிச்சமானதை வெளியே விடக் கலுங்கு. கரையை எல்லோருக்கும் தெரியும். மடையைச் சம்சாரிக்குத் தெரியும். கலுங்கைப் பற்றிப் பட்டணத்தில் யாருக்கும் தெரியாது.

கலுங்கு என்பது கரையின் ஓரத்தில், கரையைவிடத் தணிவாகக் கல் வைத்துக் கட்டிய ஒரு வாய். கண்மாய் அந்த மட்டத்துக்கு நிறைந்ததும் தண்ணீர் தானாக அதன் மேலேறி வழியும். ‘மறுகால் பாயுது’ என்று அன்றைக்கு ஊரே ஓடிப்போய்ப் பார்க்கும். வழிகிற தண்ணீர் ஓடை வழியாகக் கீழே உள்ள அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இப்படிச் சங்கிலியாக, ஊர் ஊராக, கண்மாய் கண்மாயாக.

கேட்க அழகாக இருக்கிறது இல்லையா? நடைமுறையில் பாதிச் சண்டை அந்தக் கலுங்கில்தான் நடக்கும். மேலூர்க்காரன் ராத்திரியோடு ராத்திரியாகப் போய்க் கலுங்குக் கல்லுக்கு நடுவே மண் மூட்டையை அடுக்கி, மட்டத்தை ஒரு முழம் உயர்த்திவிடுவான். தன் கண்மாயில் இன்னும் கொஞ்சம் நிற்கட்டும் என்ற ஆசை. சேதி தெரிந்ததும் கீழூர்க்காரன் கடப்பாரையோடு வருவான். அப்புறம் போலீஸ் ஸ்டேஷன், பஞ்சாயத்து, கோர்ட்டு. ‘உன் கண்மாய் நிறைஞ்சிருச்சுல்ல, போதும், விடு’ என்பதுதான் கீழூர்க்காரனின் ஒரே வாதம். அந்த ஒரு சொல்லைக் கல்லில் கட்டி வைத்தது மாதிரிதான் கலுங்கு.

மீனும் எங்களுக்கு அந்தக் கணக்கில்தான் கிடைத்தது. புதுத்தண்ணீர் வரும்போது கலுங்கடியில் எதிர்த்து ஏறுகிற மீனைப் பையன்கள் துண்டை விரித்துப் பிடிப்போம். கோடையில் கண்மாய் வற்றி முழங்கால் தண்ணீர் ஆனதும் ஊரே இறங்கி மீன் பிடிக்கும் நாள் வரும். ஊர்ப் பெரியவர் கரையில் நின்று வெள்ளைத் துண்டை வீசுவார். அடுத்த நிமிஷம் ஊத்தாவும் கச்சாவுமாகக் கூட்டம் சேற்றில் பாயும். விரால், கெளுத்தி, கெண்டை, குரவை, ஜிலேபி. அன்றைக்குச் சாயந்திரம் எந்தத் தெருவுக்குள் போனாலும் மீன் குழம்பு மணக்கும். கடல் மீன் என்றால் டி.வி.எஸ். ஃபிஃப்டியின் பின்னால் ஐஸ் பெட்டியில் வருவது. அந்த வண்டி எந்தக் கடலிலிருந்து வருகிறது என்று யாரும் கேட்டதில்லை.

கடல் ஒன்றும் ரொம்ப தூரத்தில் இல்லை. பெருநாழி, சாயல்குடி தாண்டிப் போனால் மூக்கையூர். மன்னார் வளைகுடா. அங்கேதான் குண்டாறு கடலில் சேர்கிறது.

‘சேர்கிறது’ என்று மேப்பில் போட்டிருக்கிறது. ஆண்டிபட்டி, வருசநாட்டு மலைப் பக்கம் பிறந்து, திருமங்கலம் வந்து, ரமண மகரிஷி பிறந்த திருச்சுழியைத் தொட்டு, கமுதி வழியாக இறங்குகிற ஆறு இது. திருச்சுழிக் கோயில் புராணத்தில் இதற்குக் கௌண்டின்ய நதி என்று பெரிய பெயர். எங்கள் நினைவில் இது மணலும் முள்ளும். நான் பி.காம். படித்தவன். ஐந்தொகை போடும்போது இரண்டு பக்கமும் இடித்தால், மிச்சத்தைத் தற்காலிகமாக ஒரு சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளுவோம். குண்டாறு மாதிரி ஒரு ஆற்றைப் பார்த்தால் எனக்கு அதுதான் ஞாபகம் வரும். மலையில் வரவு இருக்கிறது. கடலில் ஒன்றும் வந்து சேரவில்லை. நடுவில் எங்கேயோ சஸ்பென்ஸ்.

இந்தக் கணக்கை எனக்கு மறுபடி திறந்து காட்டியவன் என் அக்கா மகன். இன்ஜினீயரிங் முடித்துவிட்டுக் கமுதிப் பக்கம் ஒரு சோலார் பிளான்ட்டில் வேலை பார்க்கிறான். எங்கள் மண்ணில் வஞ்சகம் இல்லாமல் விளைகிற ஒரே பொருளான வெயிலை அறுவடை பண்ணுகிற கம்பெனி. பகல் முழுக்க வெயிலில் நின்றுவிட்டு, ராத்திரியானால் ராடும் ரீலுமாகக் கிளம்பிவிடுகிறான். ‘‘இவனுக்குப் பொண்ணு பாக்கணும்டா. கேட்டா, மீன் பிடிக்கப் போறேங்குறான். நம்ம பரம்பரையில எவன்டா கடலுக்குப் போனான்?’’ என்று அக்கா போனில் அழாத குறை. விசாரிக்கப் போனவனைத்தான் மாப்பிள்ளை கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

கிளம்புவதற்கு முன் அவன் ஒரு டப்பாவைத் திறந்து காட்டினான். உள்ளே வரிசையாகப் பொம்மை மீன்கள். ஜெல்லி மிட்டாயைத் தொட்டது போல மெத்தென்று இருந்தன. வால் மட்டும் துடுப்பு மாதிரி தட்டையாக, லேசாக ஆட்டினால் படபடவென்று துடித்தது.

‘‘என்ன மாப்ள இது, ரப்பரா?’’

‘‘சாஃப்ட் பிளாஸ்டிக் மாமா. மண்புழுவும் வேணாம், இறாலும் வேணாம். இதுதான் இரை.’’

‘‘எவ்வளவு?’’

‘‘அஞ்சு மீனு ஒரு பாக்கெட். 300 ரூபா.’’

ஒரு மீன் 60 ரூபாய். அதுவும் பொய் மீன். அக்காவிடம் இந்தத் தகவலை மறைத்துவிடுவது என்று அங்கேயே தீர்மானித்தேன்.

பிறகு படித்துப் பார்த்தேன். இந்தப் பொய் மீனுக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒஹையோ மாகாணம் ஆக்ரன் நகரத்தில் நிக் கிரீம் என்ற மெஷினிஸ்ட், 1949-ல் வீட்டு அடுப்பில் திரவ பிளாஸ்டிக்கைக் காய்ச்சி, அச்சில் ஊற்றி, மெத்தென்ற மண்புழு ஒன்றைச் செய்தார். இன்றைக்கு உலகம் முழுக்க விற்கிற இந்த வகைப் பொம்மை இரைகளுக்கெல்லாம் அதுதான் பாட்டன். தூண்டிலைப் பொழுதுபோக்காகப் பிடிக்கிற பழக்கம் நம்மூருக்கும் புதிதல்ல. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1873-ல் ‘தி ராட் இன் இந்தியா’ என்று ஒரு புத்தகமே எழுதினார். அது போதாதென்று 1887-ல் ‘டேங்க் ஆங்ளிங் இன் இந்தியா’. டேங்க் என்றால் வேறொன்றுமில்லை, நம்ம கண்மாய்தான்!

புரட்டாசி முடிகிற சமயம். அமாவாசைக்கு இரண்டு நாள் இருந்தது. சாயல்குடி பனங்காடுகளைத் தாண்டி பைக் மூக்கையூர்ப் பக்கம் இறங்கியபோது நன்றாக இருட்டிவிட்டது. தூரத்தில் மீன்பிடித் துறைமுகத்தின் விளக்குகள். நாங்கள் போன ஆற்று வாயில் ஒரு வெளிச்சமும் இல்லை. இடது பக்கம் அலைச் சத்தம். வலது பக்கம் சத்தமே இல்லாமல் அகலமாகப் படுத்திருந்தது தண்ணீர்.

‘‘மாமா, இதான் நம்ம குண்டாறு.’’

குனிந்து ஒரு கை அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு. திருச்சுழியிலிருந்து ஒரு சொட்டும் வரவில்லை. கடல் உள்ளே வந்து ஆற்றின் இடத்தில் படுத்திருக்கிறது. வீட்டுக்காரன் வெளியூர் போய் ரொம்ப நாளான வீட்டில், பக்கத்து வீட்டுக்காரர் விளக்கு போட்டு வைப்பது மாதிரி.

மாப்பிள்ளை நெற்றியில் ஒரு சிவப்பு விளக்கைக் கட்டிக்கொண்டான். வெள்ளை வெளிச்சம் தண்ணீரில் பட்டால் மீன் கலைந்துவிடுமாம். ஈயத் தலை வைத்த ஒரு முள்ளில் கறுப்பு நிறப் பொம்மையைக் கோத்தான்.

‘‘இருட்டுல போயி கறுப்பையா மாப்ள போடுவாங்க?’’

‘‘மீனு கீழே நின்னு மேல பாக்குது மாமா. வானம் எவ்வளவு இருட்டா இருந்தாலும் தண்ணிய விட வெளிச்சம்தான். அதுல கறுப்புதான் எடுப்பாத் தெரியும்.’’

அதோடு, ராத்திரியில் கொடுவா கண்ணை மட்டும் நம்பி வேட்டையாடுவதில்லை. மீனின் உடம்பில் இரு பக்கமும் ஓடுகிற கோடு இருக்கிறதே, அது ஒரு காது மாதிரி. தண்ணீரில் எழுகிற சின்ன அதிர்வையும் வாங்கிவிடும். துடுப்பு வால் ‘தப்தப்’ என்று அடிப்பது அதற்குக் கேட்கிறது. பாய்ந்து கவ்வினால், மெத்தென்று இருப்பதால் உடனே துப்புவதில்லை. அந்த அரை விநாடிதான் தூண்டில்காரனின் மொத்த மூலதனம்.

எறிய வேண்டும். அடிவரை இறங்க விட வேண்டும். லேசாகத் தூக்கி, மெதுவாகச் சுற்ற வேண்டும். மறுபடி இறங்க விட வேண்டும். வற்றம் தொடங்கி, உள்ளே வந்த தண்ணீர் கடலுக்குத் திரும்புகிற நேரம்தான் ராசியான நேரம். அந்த ஓட்டத்தோடு சின்ன மீனும் இறாலும் அடித்துக்கொண்டு வரும். ஆற்று வாயின் மூலையில் கொடுவா வாயைத் திறந்துகொண்டு நிற்கும். ‘‘கல்யாண வீட்டு வாசல்ல நிக்குற மாதிரி மாமா. எல்லாரும் அந்த வழியாத்தான வரணும்!’’

ஒரு மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எங்களுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பெரியவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று மடவைக்கு வீச்சு வலை போட்டுக்கொண்டிருந்தார். கரையேறி வந்து பீடி பற்றவைத்தவர், மாப்பிள்ளையின் டப்பாவை எட்டிப் பார்த்தார்.

‘‘ரப்பர் மீனாப் போடுறீக, தம்பி? அது கடிக்குமா?’’

‘‘கடிக்கும்ண்ணே.’’

‘‘கடிச்சு?’’

அவர் எதற்காக அந்தக் கேள்வியைக் கேட்டார் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

ஒன்பதரை மணி இருக்கும். இருட்டுக்குள் ‘டப்’ என்று ஒரு சத்தம். கதவைச் சாத்தியது மாதிரி. மாப்பிள்ளையின் ராட் வில்லாக வளைந்தது. ரீல் கிரீச்சிட்டுக் கத்தியது. எங்கேயோ தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஒரு பெரிய உடம்பு எழும்பி, தலையை இப்படியும் அப்படியும் உதறிவிட்டு விழுந்தது. கொடுவாவின் செவுள் மூடியின் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். அந்த உதறலில் நரம்பு பட்டால் அறுந்துபோகும். அதற்காகவே முள்ளுக்கு முன்னால் ஒரு கஜத்துக்குத் தடித்த நரம்பு கட்டியிருந்தான். பத்து நிமிஷம் இழுபறி. எனக்குக் கை நடுங்கியது. ராடைப் பிடித்திருந்தவன் அவன்!

கரையோரம் வந்ததும் விளக்கில் முதலில் தெரிந்தது கண்தான். கங்கு மாதிரி சிவப்பாக எரிந்தது. அப்புறம் வெள்ளி உடம்பு. ஸ்பிரிங் தராசில் மாட்டினான். ஐந்தே முக்கால் கிலோ.

அக்கா முகம் என் கண் முன்னால் வந்தது. இதைக் கொண்டு போய்க் காட்டினால் பொண்ணு பார்க்கிற பேச்சு ஆறு மாசத்துக்கு வராது.

மாப்பிள்ளை முள்ளைக் கழற்றினான். மீனை இரண்டு கையிலும் ஏந்தி, தண்ணீர் வருகிற திசைக்கு அதன் முகத்தைத் திருப்பி, முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துக்கொண்டிருந்தான். குழந்தையைத் தொட்டிலில் ஆட்டுவது மாதிரி. திடீரென்று வாலை ஓங்கி ஓர் அடி. அவன் முகமெல்லாம் தண்ணீர். மீன் இல்லை.

‘‘ஏன் மாப்ள?’’

‘‘பொம்பளை மாமா.’’

கொடுவாவின் கதை அங்கேதான் எனக்குத் தெரியவந்தது. இந்த மீன் பிறந்து வளரும்போது ஆண். சில வருஷம் ஆணாகக் குடும்பம் நடத்திவிட்டு, பெரிதானதும் பெண்ணாக மாறிவிடுகிறது. நம் பக்கத்தில் நாலு கிலோவைத் தாண்டிய கொடுவா என்றால் பெரும்பாலும் பெண்தான். பெண்களில் பெரும்பாலானவை முன்னாள் ஆண். ஆண்களில் பலவும் வருங்காலத் தாய். ஒரு தாய் முட்டையிட்டால் லட்சக்கணக்கில் இடும். முட்டை பொரிக்க உப்பு வேண்டும். அதனால் மழைக்காலத்தை ஒட்டி ஆற்று வாய்க்கு வந்து முட்டையிடும். குஞ்சு வளர்வதற்கு ஆழமில்லாத, அமைதியான, இரை மண்டிய உள்தண்ணீர் தோது. அதனால் குஞ்சுகள் ஓதத்தோடு உள்ளே ஏறி, காயலிலும் ஆற்றிலும் வளர்ந்து, வாலிபமானதும் கடலைத் தேடி இறங்கும். ஆஸ்திரேலியாவில் இதே மீனுக்குப் பாரமுண்டி என்று பெயர். அங்கே குயின்ஸ்லாந்து மாகாணத்தில் 58 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் பொதுவாக எடுக்கக் கூடாது, 120-ஐத் தாண்டியதையும் எடுக்கக் கூடாது என்று சட்டம். சின்னது இன்னும் வாழவில்லை. பெரியது தாய்.

இவ்வளவையும் மாப்பிள்ளை சொல்லிக்கொண்டிருக்கும்போது பெரியவர் பக்கத்தில் வந்து நின்றுவிட்டார். பீடி அணைந்துபோயிருந்தது.

‘‘விட்டுட்டியா?’’

‘‘ஆமாண்ணே. தாய் மீனு.’’

‘‘கிலோ ஐநூறுக்குக் கொறையாம எடுப்பான். உனக்கு வேணாம்னா என்கிட்டக் குடுத்திருக்கலாம்ல தம்பி.’’

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் கஷ்டமாக இருந்தது. ஐந்தே முக்காலை ஐந்நூறால் பெருக்கினால் 2,875 ரூபாய். அவர் சாயந்திரத்திலிருந்து வலை வீசிச் சேர்த்த மடவை ஒரு சின்னக் கூடையின் அடியில் கிடந்தது. சம்பளக்காரன் ஒருவன் 60 ரூபாய் பொம்மையை எறிந்து, பிடித்து, ரசித்து, திருப்பி விட்டுவிட்டு, இயற்கையைக் காப்பாற்றிய சந்தோஷத்தோடு வீட்டுக்குப் போகலாம். அந்தச் சந்தோஷத்துக்கு அவர் வீட்டில் யாரும் தட்டு வைத்துக் காத்திருக்கவில்லை.

மாப்பிள்ளைக்கும் முகம் சின்னதாகிவிட்டது. பெரியவர் அவனைப் பார்த்துவிட்டு, சமாதானமாக ஆரம்பித்தார்.

‘‘தப்புன்னு சொல்லல தம்பி. ஆறு எறங்குன வருசத்துல நீ வந்து பாத்திருக்கணும். அங்கிட்டிருந்து தண்ணி காப்பிக் கலருல வரும். மரம், மட்டை, பாம்பு, செத்த ஆடு எல்லாம் வரும். கடலுக்குள்ள ரொம்பத் தூரம் செந்தண்ணியாக் கெடக்கும். அதுக்கப்பறம் ரெண்டு மூணு வருசம் கொடுவா அள்ளும். அப்ப நாங்களும் பெருசப் புடிச்சோம். புடிச்சுத்தான் பிள்ளையலப் படிக்க வச்சோம். கொறையல.’’ கொஞ்ச நேரம் ஆற்றுப் பக்கம் பார்த்தார். ‘‘நீ தாய விட்டுட்ட, சரி. பிள்ளை எங்கிட்டுப் போயி வளரும்? மேல தண்ணி இல்லையே!’’

நாங்கள் இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

சென்னைக்குத் திரும்பிய பிறகும் அந்தப் பெரியவரின் ‘ரெண்டு மூணு வருசம்’ என்னை விடவில்லை. தேடிப் படித்தேன். அவர் சொன்னதை ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் மைக்ராஸ்கோப் வைத்துச் சொல்லியிருக்கிறார்கள்.

குயின்ஸ்லாந்தில் ஃபிட்ஸ்ராய் என்று ஓர் ஆறு. ராக்ஹாம்ப்டன் நகரத்தின் வழியாகக் கடலுக்குப் போகிறது. நம் குண்டாறு மாதிரி வறண்ட பூமியின் ஆறு. ஆனால் பல மடங்கு பெரியது. வந்தால் வெள்ளம், வராவிட்டால் வெறும் குட்டை. பாரமுண்டி என்ற வார்த்தையே அந்த வட்டாரத்துப் பழங்குடி மொழியிலிருந்து வந்ததுதான். பெரிய செதில் உள்ள ஆற்று மீன் என்று அர்த்தம். அங்கே பிடிபட்ட கொடுவாக்களின் தலையைத் திறந்து, காதுக்குள் இருக்கும் சின்னக் கல்லை எடுத்து அறுத்துப் பார்த்தார்கள். மரத்துக்குள் வளையம் இருப்பது மாதிரி அந்தக் கல்லுக்குள்ளும் வருஷத்துக்கு ஒரு வளையம். எண்ணினால் மீனின் வயசு தெரியும். வயசு தெரிந்தால் பிறந்த வருஷம் தெரியும். 2004-ல் வெளியான அந்த ஆய்வின் முடிவு இதுதான்: ஆற்றில் தண்ணீர் நன்றாக வந்த வருஷங்களில் பிறந்த மீன்கள் கூடுதலாகப் பிழைத்திருந்தன. ஆறு ஏமாற்றிய வருஷங்களில் பிறந்தவை குறைவாகவே இருந்தன.

ஆற்றின் பேரேட்டை மீன் தன் காதுக்குள் எழுதி வைத்திருக்கிறது! நான் படித்த காமர்ஸில் இப்படி ஒரு கணக்கு எழுத யாரும் சொல்லித்தரவில்லை. சஸ்பென்ஸ் கணக்கில் தள்ளியதெல்லாம் எங்கேயோ ஒரு கல்லில் பதிவாகிக்கொண்டுதான் இருக்கிறது.

ஒன்றையும் மிகைப்படுத்த வேண்டாம். ஆறு வராவிட்டால் கொடுவா இனம் பூண்டற்றுப் போய்விடாது. ஆற்றுக்குள் நுழையாமல் கடலிலும் முகத்துவாரத்திலுமே காலம் தள்ளுகிற கொடுவாக்களும் உண்டு. சென்னையில் இருக்கும் சிபா என்ற மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், 1997-லேயே முட்டுக்காட்டில் தொட்டிக்குள் கொடுவாவை முட்டையிட வைத்துவிட்டது. அதன் பிறகு குஞ்சு வாங்கிப் பண்ணையில் வளர்க்கிறார்கள். நகரத்து ஹோட்டல் தட்டில் வருகிற கொடுவா அப்படி வளர்ந்ததாகவும் இருக்கலாம். அது நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு ஊசி, தொட்டி, மோட்டார், தீவனம், கரண்ட் பில் எல்லாம் வேண்டும். ஆறு இறங்கினால் அதே வேலையை அது இலவசமாகச் செய்துவிடும். லாபம், மூக்கையூர்ப் பெரியவரின் வலைக்கு.

இப்போது முதலில் சொன்ன வாக்கியத்துக்கு வருகிறேன். ‘வீணாப் போயி கடல்ல கலக்குது.’

கடலில் கலக்கிற தண்ணீர் வீண் இல்லை என்று ஏ.ஸி. அறையில் உட்கார்ந்து எழுதிவிடலாம். பரளச்சிக்காரனால் அவ்வளவு சுலபமாக எழுத முடியாது. ஒரு குடம் தண்ணீருக்காகக் கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு மொண்டு ஊற்றிய பெண்களின் வீட்டில் பிறந்தவன் நான். காவிரி, வைகை, குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு 2021 பிப்ரவரியில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அடிக்கல் நாட்டினார்கள். கரூர் மாவட்டம் மாயனூரில் ஆரம்பித்துக் குண்டாறு வரைக்கும் 262 கிலோமீட்டர் கால்வாய். காவிரியில் வெள்ளம் வரும்போது மிச்சமாகிற தண்ணீரை எங்கள் பக்கம் திருப்புவது திட்டம். அந்தக் கால்வாயில் தண்ணீர் வருகிற நாளில் எங்கள் ஊர்ச் சனம் பொங்கல் வைக்கும். நானும் லீவு போட்டுவிட்டு நிற்பேன். ஒரு மீனுக்காக அதைத் தள்ளிவைக்கச் சொல்ல எனக்கு வாயும் இல்லை, மனசும் இல்லை.

நான் கேட்பதெல்லாம் எங்கள் ஊர்க் கண்மாயில் தாத்தன் பாட்டன் கட்டிவைத்த அதே ஏற்பாட்டைத்தான். நிறுத்து. தேக்கு. பயிருக்கும் ஆளுக்கும் மாட்டுக்கும் எடுத்துக்கொள். நிறைந்தால் மேலே ஒரு கல்லை வைக்காதே, விடு. கீழே இன்னொருத்தன் இருக்கிறான்.

அந்தக் கடைசி ஆள் யார் என்பதில்தான் நமக்குத் தகராறு. கடைக்கோடிக் கண்மாயோடு சங்கிலி முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். அதற்குக் கீழேயும் ஒரு பாசனம் இருக்கிறது. அங்கே நாற்று நடுவதில்லை. மடவையும் இறாலும் கொடுவாவும் விளைகின்றன. அந்த வயலுக்கும் சம்சாரி உண்டு. இடுப்பளவு தண்ணீரில் வலையோடு நிற்கிறார். வருஷா வருஷம் ஆறு முழுசாக வர வேண்டும் என்று அவர்கூடக் கேட்கவில்லை. நல்ல மழை பெய்து, மேலே எல்லாம் நிறைந்த வருஷத்திலாவது வரட்டும் என்கிறார். முகத்துவாரம்தான் ஓர் ஆற்றின் கடைசிக் கலுங்கு.

அக்காவிடம் நான் சொன்ன அறிக்கை சுருக்கமானது. ‘‘பையன் கெட்டுப்போகலக்கா. கண்மாயில நம்ம பிடிச்சதைத்தான் அவன் கடலோரமாப் போயிப் பிடிக்கிறான்.’’

‘‘பிடிச்ச மீனு எங்கடா?’’

அதற்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை. மாப்பிள்ளை மட்டும் போனவாரம் ஒரு சேதி சொன்னான். இப்போதும் போகிறானாம். நாலு கிலோவுக்குள் பிடிபட்டால் பெரியவர் கூடைக்கு. அதற்கு மேல் போனால் தண்ணீருக்கு. இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொண்டார்களாம். கிழிந்த பொம்மைகளை ஆற்றில் போடாமல் ஒரு பையில் சேர்த்து எடுத்துவர வேண்டும் என்பது பெரியவர் போட்ட கண்டிஷன். ரப்பர் மக்காது, வலையில் வந்து சிக்குகிறது என்றாராம். கலுங்குச் சண்டைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. போலீஸ் இல்லை, கோர்ட்டு இல்லை, ஒரு பீடி முடிவதற்குள் பஞ்சாயத்து முடிந்திருக்கிறது.

மழைக்காலம் வரப்போகிறது. யாராவது உங்களிடம் பெருமூச்சோடு அந்த வாக்கியத்தைச் சொல்வார்கள். சண்டைக்குப் போகாதீர்கள், பாவம், அவரும் தாகத்தில் சொல்கிறார். மேலே எல்லாக் கண்மாயும் நிறைந்துவிட்டதா என்று மட்டும் கேளுங்கள். நிறையவில்லை என்றால், வரத்துக் கால்வாயைத் தூர் வாரச் சொல்லி அவரோடு சேர்ந்து நீங்களும் சத்தம் போடுங்கள். நிறைந்துவிட்டது என்றால், விடச் சொல்லுங்கள்.

ஏனென்றால் மேலூர்க்காரன் கலுங்கில் மண் வைத்தால் கீழூர்க்காரன் கடப்பாரையோடு வந்துவிடுவான். கொடுவா எதை எடுத்துக்கொண்டு வரும்?